கல்லாவுக்கு மேலே எந்தப் படம்? கடைக்குள் கட்சி நுழைந்து வாடிக்கை போகாமல் பார்த்துக்கொள்ள

பத்து வருஷமாக மாசக் கணக்கு வைத்துச் சாமான் வாங்குகிற ஒருவர், மாசம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே வந்து, "பாக்கி எவ்ளோ இருக்குது, மொத்தமா சொல்லு" என்று நோட்டை அடைத்துவிட்டுப் போனால், பணம் வந்ததே என்று சந்தோஷப்படாதீர்கள். அவர் வேறு கடை பார்த்துவிட்டார். எடையில் குறை என்றால் தராசைக் காட்டிச் சண்டை போடுவார். பருப்பில் வண்டு என்றால் பையோடு திரும்பி வந்து மாற்றிக் கேட்பார். உங்கள் கடையில் தொங்குகிற கொடியால் மனம் கசந்தவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தெருவில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை மளிகை, ராயபுரம் டீக்கடை, வியாசர்பாடி சலூன், பெரம்பூர் மெஸ் என்று கடை எதுவானாலும் வழி ஒன்றுதான். முதலில் கணக்கு.

ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் 12 பேர். ஆளுக்கு நாளைக்கு 2 டீ, டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 360 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 9,360. வருஷத்துக்கு 1,12,320. வடை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் தனி. கடை வாசலில் கட்டிய கொடி இதில் எத்தனை ரூபாயைக் கொண்டுவந்தது என்று எதிர்ப்பக்கம் எழுதிப் பாருங்கள்.

ஏன் 12 பேரையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்? வடசென்னையில் வாடிக்கை தனி ஆளாக வருவது குறைவு. ஆட்டோ ஸ்டாண்டு, காசிமேட்டு ஏலத்துக்குப் போகிற செட்டு, ஃபுட்பால் கிளப் பசங்க, ஹவுசிங் போர்டு பிளாக், மகளிர் குழு, ஜெபக்கூட்டம், ஜமாத் என்று கூட்டமாக வரும். ஒருவர் "அங்க வேணாம் மச்சான்" என்றால் மீதிப் பேருக்குக் காரணமே தேவையில்லை. கிளைக்குக் கிளை ஆள் மாறும் பெரிய கம்பெனிக்கு ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். உங்கள் ஆட்கள் எல்லாம் நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்கள். அதனால்தான் 2018-ல் நைக்கி கம்பெனி, தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்க ஃபுட்பால் வீரர் காலின் கேபர்னிக்கை விளம்பரத்தில் போட்டதைப் பார்த்து நாமும் துணிந்து பேசலாம் என்று நினைப்பது தப்புக்கணக்கு. கோபப்பட்டவர்கள் நைக்கி ஷூவைக் கொளுத்தி வீடியோ போட்டார்கள். ஆனாலும் நைக்கிக்கு விற்பனை விழவில்லை, அதை வாங்குகிற இளவட்டம் பெரும்பாலும் அந்த வீரர் பக்கம் இருந்தது. தன் சரக்கை யார் வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தெருமுனைக் கடைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற வசதி கிடையாது. எதிர்வீட்டில் இருப்பவர்தான் வாடிக்கையாளர், அவர் எந்தக் கட்சியானாலும்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்

சோதனையைக் கடைக்கு உள்ளே தொடங்க வேண்டாம். ரோட்டைத் தாண்டிப் போய், முதல் தடவை வருகிற ஆள் மாதிரி ஐந்து நிமிஷம் பாருங்கள்.

பெயர்ப்பலகையின் நிறம். நம்மூரில் நிறத்துக்கே கட்சி உண்டு. கருப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்று, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொன்று. காவியும் பச்சையும் சேர்ந்தால் வேறு. போர்டு எழுதுகிறவர் கண்ணுக்கு எடுப்பாக இருக்கிறது என்று போட்டுவிடுவார். அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை இந்தக் கண்ணோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பக்கச் சுவரும் ஷட்டரும். தேர்தலுக்கு ஆறு மாசம் முன்பே வெள்ளையடித்து, கட்சிப் பெயரும் வருஷமும் எழுதி இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். உங்களுக்குத் தெரியாமல் எழுதினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது நீங்கள் எழுதியதுதான். வெறும் சுவராக விடாதீர்கள். உங்கள் கடை விளம்பரத்தையே பெரிய எழுத்தில் எழுதிவிட்டால், அதை அழித்து மேலே எழுதத் தயங்குவார்கள். எழுதியே விட்டால் பெயின்ட் டப்பாவோடு கிளம்ப வேண்டாம். வட்டச் செயலாளரிடம் நேரில் போய், "வீட்டு ஓனர் ஒத்துக்க மாட்டேங்கிறார்" என்று சொல்லி, அவர்கள் ஆளையே அழிக்க விடுங்கள். நீங்களே அழித்தால் அதுவும் ஒரு கட்சி எடுத்ததாகிவிடும்.

இனி கல்லாவுக்கு மேலே. பிள்ளையார், ஏசு, மெக்கா மூன்றும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற படம் வடசென்னைக் கடைகளில் சும்மா மாட்டப்படுவதில்லை. தலைவர் படங்களில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷமாக எம்.ஜி.ஆர். படம் இருக்கிற கடைக்கு எதிர்க்கட்சிக்காரரும் வருவார். அது அந்தக் கடையின் முகமாகிவிட்டது. புளியந்தோப்பில் ஒரு கடையில் அம்பேத்கர் படம் இருக்கிறது என்றால் அது அந்தக் கடைக்காரரின் மரியாதை சம்பந்தப்பட்டது, அதைக் கழற்றச் சொல்ல எவருக்கும் வாயில்லை. வாடிக்கையை அசைப்பது போன மாசம் புதிதாக வந்த படம். இருபது வருஷம் இல்லாதது இப்போது ஏன் வந்தது, யாரைப் பார்த்து மாட்டினார் என்று கேள்வி எழும். அதனால் விதி சுலபம்: பழையதைத் தொடாதீர்கள், தேர்தலை ஒட்டிப் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார் என்றால் வரட்டும், ரிப்பன் வெட்டட்டும். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வாசலில் மாட்டுவது வேறு, வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கிற போன்

இப்போது பாதிச் சேதம் இங்கேதான். கடை நம்பரும் சொந்த நம்பரும் ஒன்றாக இருப்பதே மூலகாரணம். ஹோம் டெலிவரிக்காக 300 வீட்டுக்காரர்கள் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஏதோ ஒரு தலைவரைக் கிண்டல் பண்ணும் வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டால், காலையில் தயிர் வாங்க வருபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

தனி சிம் ஒன்று வாங்கி, கடைக்கு வாட்ஸ்ஆப் பிசினஸ் போடுங்கள். முடியாது என்றால் ஸ்டேட்டஸ் பிரைவசியில் போய், குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி, சொந்தக்காரர்களை மட்டும் டிக் பண்ணுங்கள். அடுத்து, பலரும் மறந்துவிடுகிற ஒரு இடம்: கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் பணம் அனுப்புகிறவர் திரையில் உங்கள் பெயரோடு படமும் வரலாம். ஜிமெயிலுக்கு என்றைக்கோ வைத்த தலைவர் படம் அங்கே வந்து நிற்கும். வேறு போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஃபேஸ்புக்கில் கடைப் பக்கமும் சொந்தக் கணக்கும் ஒரே ஆப்பில் இருந்தால், கமென்ட் போடும் முன் எந்தப் பெயரில் போகிறது என்று பாருங்கள். தன் பெயரில் திட்டுவதாக நினைத்துக்கொண்டு கடைப் பெயரில் திட்டிவிட்டு, ஸ்கிரீன்ஷாட் சுற்றிய பிறகு முழிப்பது அடிக்கடி நடப்பது.

"நான் போடலையே, பையன்தானே போட்டான்" என்ற சமாதானம் எடுபடாது. 2021 அக்டோபரில் சொமேட்டோவுக்கு அதுதான் நடந்தது. ஆர்டரில் ஒரு பொருள் வரவில்லை என்று தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் புகார் சொல்ல, இந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று கஸ்டமர் கேரிலிருந்து பதில் வந்தது. மறுநாள் சொமேட்டோவைப் புறக்கணிப்போம் என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்க ஓடியது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்பு அறிக்கை விட்டது, கோயம்புத்தூரில் தமிழ் கால் சென்டர் வரப்போகிறது என்றது, பேசிய ஊழியரை நீக்கியது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், அவரைத் திரும்பச் சேர்க்கிறோம் என்றார். வராத பொருளுக்குப் பணம் கேட்ட ஒரு சின்ன சண்டை, ஒரே வாக்கியத்தில் மொழிப் பிரச்சினை ஆனது. 2022 பிப்ரவரியில் ஹூண்டாய்க்கு இன்னும் மோசம்: பாகிஸ்தானில் இருக்கிற விற்பனைக் கூட்டாளி காஷ்மீர் பற்றிப் போட்ட பதிவுக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருக்கிற இந்தியக் கம்பெனி வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று, தென்கொரிய வெளியுறவு அமைச்சரே போன் போட்டு வருத்தம் சொன்னார். மருமகன் நடத்துகிற இரண்டாவது கிளையின் ஸ்டேட்டஸையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குள்ளே பேச்சு

டீக்கடையில் அரசியல் பேசாதீர்கள் என்று போர்டு வைப்பது வீண்வேலை. டீக்கடை பிறகு எதற்கு? வாடிக்கையாளர் பேசட்டும். கவனம் எல்லாம் டீ ஆற்றுகிறவர் என்ன சொல்கிறார் என்பதில் இருக்க வேண்டும். பேப்பர் வாங்கினால் கட்சிப் பேப்பர் வேண்டாம். டிவி இருந்தால் ராத்திரி விவாத நேரத்தில் பாட்டோ கிரிக்கெட்டோ ஓடட்டும். சலூனில் இது இரட்டிப்பு முக்கியம். கழுத்தில் கத்தி இருக்கும்போது வாடிக்கையாளர் உங்கள் கருத்தை மறுத்துப் பேச முடியாது. ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முடிவெட்டுக்கு வேறு கடை போவார்.

"நீ என்னாப்பா சொல்ற?" என்று உங்களையே இழுப்பார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றால் நம்ப மாட்டார்கள், நழுவுகிறான் என்பார்கள். கேள்வியை அவர் தொழிலுக்குத் திருப்புங்கள்: "அத வுடுங்கண்ணே, காலைல வஞ்சிரம் என்னா வெலைக்குப் போச்சு?" கோட்டையைப் பற்றிக் கேட்டவர் மீன் விலையில் அரை மணி நேரம் ஓட்டிவிடுவார். இரண்டு பேர் குரல் உயர்ந்து மேசையைத் தட்டுகிற நிலைமை வந்தால், உங்களுக்கு நெருக்கமானவரை முதலில் அடக்குங்கள், அவர் பக்கம் நியாயமே இருந்தாலும். மற்றவரை முதலில் அடக்கினால், கடைக்காரன் அவனுக்கு ஆள் என்று அந்த நொடியே முடிவாகிவிடும்.

வேலையாட்களுக்கு வெளியே என்ன கொள்கை என்பது உங்கள் விஷயம் இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும்போது கட்சித் துண்டு, பனியன், கையில் கலர் கயிறு வேண்டாம் என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள்; தேர்தல் வந்த பிறகு சொன்னால் யாரையோ குறிவைத்த மாதிரி ஆகும். வடக்கே இருந்து வந்த பையன்கள் பரோட்டா போடுகிற, மூட்டை தூக்குகிற கடை என்றால், அவர்களைப் பற்றி வாடிக்கையாளர் கிண்டல் பண்ணும்போது நீங்கள் சிரிக்காமல் இருப்பதும் இதில் சேர்ந்ததுதான். வாக்குப்பதிவு நாளில், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவுப்படி வாக்குரிமை உள்ள ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். எல்லாருக்கும் தாருங்கள். யாருக்குப் போட்டாய் என்று விளையாட்டுக்கும் கேட்காதீர்கள்.

ரசீது புத்தகம்

பொதுக்கூட்டம், பிறந்தநாள் விழா, நீர்மோர் பந்தல், கொடியேற்றம் என்று வருஷம் முழுக்க ரசீது புத்தகம் வரும். கொடுக்காமல் கடை நடத்த முடியும் என்று எழுதினால் அது பொய். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயம்.

வருஷ ஆரம்பத்திலேயே மொத்தத் தொகையை ஒதுக்குங்கள். கட்சி எதுவானாலும் ஒரே தொகை. ஒருவருக்கு 500 என்றால் மற்றவருக்கும் 500. ஆளுங்கட்சிக்கு ஆயிரம், மற்றவருக்கு நூறு என்று போனால் அந்த ரசீது புத்தகத்தைப் புரட்டுகிற எல்லாருக்கும் தெரியும், முன்பக்கத்து எழுத்து அழிவதில்லை. ரசீது வாங்கிக் கணக்கில் எழுதுங்கள். பணம் கொடுக்கும்போதே, "நோட்டீஸ்லயும் பிளெக்ஸ்லயும் கடை பேரு வேணாண்ணே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால் நன்றிப் பட்டியலில் உங்கள் போட்டோ பாஸ்போர்ட் சைஸில் வந்து நிற்கும். முடிந்தால் வணிகர் சங்கம் மூலமாகத் தெருக் கடைகள் சேர்ந்து கொடுங்கள். அல்லது பணத்துக்குப் பதில் தண்ணீர் கேன் அனுப்புங்கள். தண்ணீருக்கு நிறம் கிடையாது. ஆடி மாசம் தெரு அம்மன் கோயில் கூழுக்குக் கேழ்வரகு தருவது வேறு கணக்கு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கொஞ்சம் பெரிய தொழில் நடத்துகிறவர்களுக்கு: 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு கட்சிக்குக் கொடுத்தால், கொடுத்தவர் பெயரோடு கட்சி தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அது வெளியிலும் தெரியும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டம் 2013-ன் 182-ம் பிரிவு: இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், ரொக்கமாகத் தரக் கூடாது, ஆரம்பித்து மூன்று நிதியாண்டு ஆகாத கம்பெனி தரவே முடியாது. ரகசியமாக இருக்கும் என்று நம்பிக் கட்சி நன்கொடைக்குத் தேர்தல் பத்திரம் வாங்கியவர்கள் பெயரெல்லாம், அந்தத் திட்டமே செல்லாது என்ற 2024 பிப்ரவரி 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அடுத்த மாதமே பட்டியலாக வெளிவந்தது. வெளியே தெரிந்தால் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

வாய் திறக்க வேண்டிய இடமும் உண்டு

கடைக்கு முன் ஆறு மாசமாக மழைநீர் வடிகால் பள்ளம் தோண்டிக் கிடக்கிறது என்றால் பேசத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அங்கே மீன் விற்கிற, வலை விற்கிற கடைக்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் வாடிக்கையைக் கெடுக்கும். ஆனால் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவரும் உங்கள் கடையில்தான் இட்லி சாப்பிடுகிறார். அதனால் மனுவில் இடம், தேதி, அளவு, எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும். கட்சிப் பெயர் வேண்டாம், சங்கத்தின் பெயரில் கையெழுத்துப் போடுங்கள், மனு கொடுக்கும் போட்டோவில் எந்தத் தலைவரும் வேண்டாம்.

சங்கமே ஒரு முடிவு எடுத்தால்? ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அந்த மாதிரி நேரத்தில் கேட்டு வருகிறவரிடம் தமிழனா நீ என்று பாடம் எடுக்காதீர்கள். "அது இல்ல, பவண்டோ ஜில்லுனு இருக்கு, தரவா?" அவ்வளவு போதும். கொள்கையை ஃபிரிட்ஜ் சொல்லட்டும், நீங்கள் சரக்கை மட்டும் சொல்லுங்கள்.

தப்பு நடந்துவிட்டால்

அடி விழுந்த பிறகு பெரும்பாலானவர்கள் செய்கிற இரண்டாவது காரியம்தான் கடையைச் சாய்க்கிறது. 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் பட் லைட் பீர், ஒரு திருநங்கைப் பிரபலத்தை வைத்துச் சின்ன இன்ஸ்டாகிராம் விளம்பரம் செய்தது. பழைய குடிகாரர்கள் கோபப்பட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, மக்களைப் பிரிக்கிற விவாதத்தில் இருக்க நாங்கள் நினைக்கவில்லை என்று கம்பெனித் தலைவர் மழுப்பலாக ஒரு அறிக்கை விட்டார். கோபப்பட்டவர்கள் திரும்பவில்லை, ஆதரித்தவர்களும், எங்களைக் கைவிட்டாயே என்று விலகினார்கள். மே மாதம் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பீர் என்ற இடம் மொடெலோவுக்குப் போனது.

ஆகவே, மாட்டிய படத்தை அவசரப்பட்டுக் கழற்றிவிட்டு விளக்க நோட்டீஸ் ஒட்டாதீர்கள். நோட்டீஸைப் பார்த்துத்தான் விஷயமே தெரியாதவர்களுக்கும் தெரியும். எதிர்க்கட்சிப் படத்தையும் பக்கத்தில் மாட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். தள்ளுபடி கொடுத்து இழுக்க வேண்டாம். மானம் போனதற்குப் பத்து சதவீதமா என்று தோன்றும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாசக் கணக்கு நோட்டையும் கியூஆர் வரவுப் பட்டியலையும் எடுத்து, போன மாசம் வந்து இந்த மாசம் வராத பெயர்களை எழுதுங்கள். அதில் யார் எந்தக் கூட்டத்தின் பெரியவர் என்று பாருங்கள். ஸ்டாண்டு தலைவரோ, குழுவின் அக்காவோ. அவரை மட்டும் தனியாக, கடைக்கு வெளியே பாருங்கள். "அன்னிக்கு மாட்டுனது உங்களுக்கு சங்கடமா போச்சுன்னு தெரியுது. எடுத்துட்டேன். நம்ம பழக்கம் அதுக்கு முந்தியே இருக்குது" என்ற அளவில் நிறுத்துங்கள். ஏன் மாட்டினேன் என்று விளக்கினால் மறுபடி அதே அரசியல்தான். இதை அடுத்த மாசம் 1-ம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும். சம்பளம் வந்து வேறு கடையில் ஒரு மாசச் சாமான் வாங்கி அங்கே ஒரு நோட்டுப் போட்டுவிட்டால், அந்தக் கடைக்காரர் கடனும் கொடுத்துக் கட்டிப்போட்டுவிடுவார்.

உங்களுக்கு அந்தக் கொள்கைதான் பெரிது, எடுக்க மனமில்லை என்றால் எடுக்காதீர்கள். மேலே போட்ட கணக்கைப் பார்த்து, போகிற தொகையைத் தாங்க முடியும் என்று தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது நேர்மையான வழி. இன்றைக்கு மாட்டி, நாளைக்கு இறக்கி, தேர்தல் முடிவு பார்த்து மறுபடி மாட்டுகிறவரைத்தான் இரண்டு பக்கமும் நம்புவதில்லை.

முடிவு வருகிற நாளுக்கு மட்டும் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். ஊர்வலம் வந்தால் பாதி ஷட்டர் இறக்குவது என்றால் எல்லா ஊர்வலத்துக்கும் இறக்குங்கள். பட்டாசுக்கு வாசலைக் கொடுக்காதீர்கள். ஜெயித்தவர்கள் லட்டு டப்பாவோடு வருவார்கள். வாழ்த்துச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், கல்லாமேல் திறந்து வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்ட வேண்டாம். உள்ளே சமையல்கட்டில் பசங்க சாப்பிடட்டும்.